பதினோரு விநாடிக் காக்கை

கிருபாகரனின் அம்மா நாற்பத்தேழு தடவை செத்திருக்கிறாள். எல்லாம் சினிமாவில்தான். ரோஸி என்று பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. போட்டோவைக் காட்டினால் போதும், "அட, இருமிக்கினே சாவுமே, அந்தம்மாவா!" என்பார்கள். கதாநாயகனுக்கு அம்மாவாக வந்து இடைவேளைக்குள் செத்துப்போவது அவள் தொழில். இருமிச் சாவாள், மாடிப்படியில் உருண்டு சாவாள், மகனுக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு சாவாள். மகன் வேலை கிடைத்த கடிதத்தோடு ஓடிவரும் நேரம் பார்த்துச் சாவதில் அவளை அடிக்க ஆளே கிடையாது.

குடும்பமே அப்படி. தாத்தா நாடகக் கம்பெனியில் ராஜா. அப்பா வேதமுத்து முப்பது வருஷம் நீதிபதி. ஒரே கறுப்பு அங்கி, ஒரே சுத்தியல், ஒரே வசனம். கடைசியில் மஞ்சள் காமாலை வந்து வாய்தா கேட்காமல் போய்ச் சேர்ந்தார். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த கிருபாகரனுக்கு நடிப்பு மட்டும் வரவில்லை.

ஆறு வயதில் ஒரு வாய்ப்பு வந்தது. செத்துக் கிடக்கிற அம்மா மேல் விழுந்து அழ வேண்டும். பிணமாகக் கிடப்பது சொந்த அம்மாவேதான். பையன் நிஜமாகவே பயந்து உதட்டைப் பிதுக்கியதும் ரோஸி இடது கண்ணை மட்டும் திறந்து சிமிட்டினாள். "பயப்படாதடா. நான் கீறேன்" என்றாள் உதட்டை அசைக்காமல். பையன் சிரித்துவிட்டான். பதினாலு டேக் எடுத்தும் சிரித்தான். வேறொரு பிள்ளையைக் கொண்டுவந்து அழ வைத்தார்கள். அதற்கப்புறம் படப்பிடிப்புக்குப் போனால் கிருபாகரன் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அம்மா சாவாள். 'கட்' என்று குரல் வரும். அவள் இடது கண்ணைத் திறந்து சிமிட்டுகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பான். ஐம்பது வயசு வரைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நடிப்பு வராதவன் சினிமாவை விட்டுப் போகவும் மனசில்லாமல் இருந்தால் என்ன செய்வான்? தயாரிப்பாளர் ஆவான். ஆனான். முதல் படம் பேய்ப் படம். ஆவடியில் இரண்டு நாள் ஓடியது, அதில் ஒரு நாள் நல்ல மழை. இரண்டாவது படத்தில் கதாநாயகன் பாதியில் மலைக்கு மாலை போட்டுக்கொண்டு தாடியோடு திரும்பி வந்தான். தாடி உள்ள பாதியும் தாடி இல்லாத பாதியும் ஒட்டவே இல்லை. மூன்றாவது இன்னும் டப்பாவில் தூங்குகிறது. "உனுக்கு ராசி இல்ல அண்ணாத்தே, ஆனா நல்ல மனுசன்" என்று அவனுடைய மேனேஜர் அப்துல் ரசாக் அடிக்கடி சொல்வான். இருபது வருஷமாகக் கூடவே இருக்கிறவன் என்பதால் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

நாலாவது படத்தைக் கேட்டவள் ரோஸி. இருதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது, கிறிஸ்மஸ் பார்த்தால் பெரிசு என்று டாக்டர் சொன்ன அன்றைக்குக் கேட்டாள்.

"ஒரே ஒரு படத்துலயாச்சும் கடைசி வரைக்கும் உசுரோட கீணும்டா. தியேட்டர்ல குந்திக்கினு அத்த நான் பாக்கணும். வேற ஒண்ணும் வாணாம்."

சேக்காட்டில் இருந்த சொந்த வீட்டிலேயே படம் பிடித்தார்கள். கடைசிக் காட்சி இதுதான்: கட்டிலில் கிழவி கண்மூடிக் கிடக்கிறாள். மூச்சு இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. படம் பார்க்கிறவன் 'சரி, போயிட்டா' என்று நினைக்கிற நேரத்தில் அவள் எழுந்து உட்கார வேண்டும். டேக் போகும்போது யாரும் கூப்பிடாமல் ஒரு காக்கை ஜன்னலில் வந்து உட்கார்ந்து கரைந்தது. ரோஸி இடது கண்ணை மட்டும் திறந்தாள். சிமிட்டினாள். எழுந்து, தலைமாட்டில் இருந்த பிஸ்கட்டைப் பாதி கடித்துவிட்டு மீதியைக் கொடுத்தாள். காக்கை தின்றது. கிழவி சிரித்தாள். பதினோரு விநாடி. டைரக்டர் 'கட்' சொல்லவே மறந்துபோய் அழுதுகொண்டிருந்தார்.

அந்தப் பதினோரு விநாடியும் ஜன்னலில் காக்கை இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

படத்தில் ஈ எறும்பு தலைகாட்டினாலும் 'திரையில் தோன்றும் உயிரினங்கள் நலக்குழு'வின் கடிதம் இல்லாமல் தணிக்கைக்கே போக முடியாது. குழுவின் மேற்கு மண்டல அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், போல்ட் செய்கிற ஒரு பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே லேத் கத்திக்கொண்டே இருக்கும். மேலே சுவரெல்லாம் மான்குட்டி படம். நல அலுவலர் திருமுருகன் மிகவும் மரியாதையான மனிதர். படிவத்தை நீட்டும்போது இரண்டு கையாலும் நீட்டினார். படிவத்தில் முதல் கேள்வி, உயிரினத்தின் பெயர். இரண்டாவது, தகப்பன் பெயர்.

"காகம் யாருது சார்?"

"யாருதும் இல்ல சார். அதுவா வந்துச்சு."

"அதுவா வந்துச்சுன்னா, அதோட பாதுகாவலர் சம்மதம் வாங்காம படம் எடுத்திருக்கீங்க."

"பறக்குற காக்கா சார் அது."

"பறக்கற உயிரினத்துக்கு இன்னும் கூடுதல் கவனம் வேணும் சார்" என்றார் திருமுருகன் வருத்தத்தோடு. "எங்க வேலைய நீங்க சாதாரணமா நெனைக்கக் கூடாது. போன வருஷம் ஒரு படப்பிடிப்புல கொட்டாய் சரிஞ்சு விழுந்துச்சு. அடியில பதினேழு பேரும் ஒரு குதிரையும். தகவல் வந்த அரை மணி நேரத்துல நாங்க அங்க நின்னோம். குதிரைய நல்லா பாத்தோம். ஒரு கீறல் இல்ல. அன்னைக்கே நற்சான்று குடுத்துட்டோம்."

"அந்தப் பதினேழு பேரு?"

"அது வேற துறை சார்."

முடிவாக, காகத்தை ஏழு நாளுக்குள் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கிருபாகரன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு ரசாக்கிடம் கொடுத்தான். ரசாக் ஒரு தடவைதான் படித்தான்.

"இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற? டூப்பு போட்டுடலாம் அண்ணாத்தே. ஹீரோவுக்கே போடறோம். காக்காவுக்குப் போட்டா குத்தமா?"

வேறு வீட்டில் பிறந்தவனாக இருந்தால் யோசித்திருப்பான். சண்டைக்கு டூப், குதிரையேற்றத்துக்கு டூப், அழுகைக்குக் கிளிசரின் என்று வளர்ந்த கிருபாகரனுக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. ரசாக் மீன் மார்க்கெட் பக்கம் வலையோடு போய், முழங்கை வரைக்கும் கொத்து வாங்கி ஒரு காக்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

நலக்குழு அந்தக் காக்கையை மேசைமேல் வைத்து, படத்தில் இருந்த காக்கையைச் சுவரில் பெரிதாக்கிப் போட்டு, இரண்டு மணி நேரம் ஒப்பிட்டது. படத்துக் காக்கைக்கு இடது காலில் ஒரு விரல் கிடையாது. இதற்கு எல்லா விரலும் இருந்தது.

"வளந்துடுச்சு சார்" என்றான் ரசாக்.

மூன்று முடிவுகள் எழுதப்பட்டன. ஒன்று, அசல் காகத்தைக் காட்ட முடியாததால் அது படப்பிடிப்பில் இறந்துவிட்டதாக ஐயம் எழுகிறது. இரண்டு, மாற்றுக் காகம் அதன் விருப்பத்துக்கு மாறாகப் பிடிக்கப்பட்டுள்ளது. மூன்று, மாற்றுக் காகம் கடும் மன உளைச்சலில் இருக்கிறது. உளைச்சலுக்கு அன்றைக்கே சிகிச்சை ஆரம்பமாயிற்று. குளிர்சாதன அறை, தினம் இரண்டு வேளை டாக்டர், வாசலில் 'அமைதி காக்கவும்' என்று பலகை. கீழே பட்டறைக்காரனைக்கூட மத்தியானம் லேத்தை நிறுத்தச் சொன்னார்கள்.

அதே வாரம் ரோஸிக்கு மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கட்டில் இல்லை. வராந்தாவில், கக்கூஸுக்கு எதிரே, ஸ்ட்ரெச்சரிலேயே நாலு நாள் கிடந்தாள். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டால் நர்ஸுக்குக் கோபம் வந்தது. நாலாவது நாள் ரசாக் வந்து காக்கையின் உடல்நிலை தேறிவருகிற கதையைச் சொன்னான். ரோஸி சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினாள்.

"ஏசி ரூமா? அட கர்த்தரே! டேய் கிருபா, என்னியும் காக்கான்னு எழுதி அங்கயே சேத்துடுடா."

கிருபாகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. நவம்பர் பாதி போய்விட்டது. அம்மாவின் கால் வீங்கி, செருப்பு நுழையாமல் இருந்தது. அவள் தியேட்டரில் உட்கார்ந்து அந்தப் பதினோரு விநாடியைப் பார்க்க வேண்டும். அதற்காக யார் காலில் வேண்டுமானாலும் விழத் தயாராக இருந்தான். யார் கால் என்றுதான் தெரியவில்லை.

காலுக்குச் சொந்தக்காரர் குழுவின் தலைவி பார்வதம் என்று பிறகு தெரிந்தது. மேல்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்ததால், அசல் காகம் நலமாகப் பறந்து போனதைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் ரோஸிதான், ஆகவே அவள் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கடிதம் சொன்னது. உடம்பு முடியாதவர் என்று கிருபாகரன் பதில் எழுதினான். குழுவின் கவலை காகத்தின் உடம்பைப் பற்றியது மட்டுமே என்று மறுபதில் வந்தது.

"நான் வரேன்டா" என்றாள் ரோஸி. "அது தின்னுச்சு, பறந்துச்சு. ரெண்டே வரி டயலாக்கு. இத்த சொல்றதுக்கு இன்னா கஷ்டம்?"

வீட்டிலிருந்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டிடத்தில் லிஃப்ட் இருந்தது. 'உயிரினங்களுக்கு மட்டும்' என்று அதில் எழுதியிருந்தது.

"நாங்களும் உயிரினந்தான் நைனா" என்றான் ரசாக்.

"ஃபாரம் கீதா?" என்றான் காவலாளி.

இருபத்திரண்டு படி. ரோஸி ஐந்து படிக்கு ஒரு தடவை நின்றாள். பதினைந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போயிடலாம்மா என்று கிருபாகரன் அழுகிற குரலில் சொன்னான். "மாடிப்படியில எத்தினி வாட்டி உருண்டிருக்கேன்! ஏறத் தெரியாதா?" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பார்வதம் பெரிய நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் திருமுருகன். ஓரத்தில் துணி போர்த்திய கூண்டில் மாற்றுக் காகம், பாதிக்கப்பட்ட தரப்பு என்ற முறையில். சாட்சிகள் நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும் என்பதால் நாற்காலி போடவில்லை. முதலில் தலைவி பேசினார்.

"இந்த மேசைக்கு முன்னால் எத்தனையோ பேர் நின்று அழுதிருக்கிறார்கள். நான் ஒருநாளும் மனம் இளகியதில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். என்னிடம் உள்ள கருணை முழுவதும் வாயில்லா ஜீவன்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதை எடுத்து வாயுள்ளவர்களுக்குக் கொடுத்தால் வருஷக் கடைசியில் பற்றாக்குறை வந்துவிடும். என் வீட்டு வேலைக்காரிக்குக் காய்ச்சல் என்று காலையில் சொன்னாள். நான் நின்று கேட்கவில்லை. இந்தக் காகத்துக்காக ஓடிவந்தேன்."

திருமுருகன் கைதட்டினார். பேச்சு இருபது நிமிஷம் நீண்டது. ரோஸி கிருபாகரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது.

"சாட்சி சொல்லுங்கள்" என்றார் பார்வதம்.

"வந்துச்சும்மா. பிஸ்கட் குடுத்தேன். தின்..."

"என்ன பிஸ்கட்?"

"டீயில தொட்டுக்குற பிஸ்கட்டு."

"முழு பிஸ்கட்டா?"

"நான் பாதி கட்ச்சிட்டு மீதிய குடுத்தேன்."

பார்வதம் பேனாவைக் கீழே வைத்தார். "எச்சில் உணவு" என்றார். திருமுருகன் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார். "பறந்து போகும்போது காகம் திருப்தியாக இருந்ததா? அதன் முகபாவம் எப்படி இருந்தது?"

ரோஸி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. இன்னொரு இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் மடங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாகத் தரையில் சரிந்தாள். தலை இடது பக்கம் திரும்பியது. நாற்பத்தேழு படத்தில் எப்படிச் சரிந்தாளோ, அச்சு அசல் அப்படியே.

கூடத்தில் யாரோ ஒரு குமாஸ்தா கைதட்டினான்.

"அம்மா, இதெல்லாம் நாங்க நெறைய படத்துல பாத்தாச்சு" என்றார் திருமுருகன் சிரித்துக்கொண்டு. "எழுந்திருங்க. குழுவை உணர்ச்சிவசப்படுத்தக் கூடாது."

பார்வதத்துக்கே முகம் கொஞ்சம் மலர்ந்தது. "ஒரு படத்தில் ரயில்வே ஸ்டேஷனில் இதே மாதிரி செத்தீர்கள் இல்லையா? நான் அன்றைக்கு எவ்வளவு அழுதேன் தெரியுமா!"

இவர்களை விடுங்கள். பெற்ற பிள்ளை என்ன செய்தான்? கிருபாகரன் தரையில் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, அம்மாவின் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வயசிலிருந்து வந்த பழக்கம். இப்போது திறப்பாள், இதோ சிமிட்டுவாள் என்று இருந்தான். அம்மா இவர்களுக்கு நல்ல பாடம் கொடுக்கிறாள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாவது நிமிஷமும் போயிற்று. அவன் யாரையும் கூப்பிடவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை, நெஞ்சில் கை வைத்துப் பார்க்கவில்லை.

வாசலில் நின்ற ரசாக்தான் கத்திக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணாத்தே! இது டேக் இல்ல அண்ணாத்தே! தூக்கு!"

கீழே பட்டறையில் இருந்து எண்ணெய்க் கையோடு நாலு பேர் ஓடிவந்தார்கள். ஃபாரம் இல்லாததால் படி வழியாகவே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், கிருபாகரன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் கிருபாகரன் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ரெண்டு நிமிஷம்டா ரசாக்கு, ரெண்டு நிமிஷம் சும்மா பாத்துக்கினு இருந்தேன்டா என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அடக்கம் முடிந்த மறுநாள் குழுவின் உத்தரவு வந்தது. 'சாட்சி தன் சாட்சியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதாலும், காகத்தின் முகபாவம் குறித்த கேள்விக்குப் பதிலளிக்கத் தவறியதாலும், சம்பந்தப்பட்ட பதினோரு விநாடிகளை நீக்க ஆணையிடப்படுகிறது. நீக்கியபின் படத்துக்குத் தடையேதும் இல்லை.' மாற்றுக் காகம் பூரண குணமடைந்து அதே வாரம் பறக்கவிடப்பட்டது. அது கூண்டை விட்டுப் போகும் படம், பார்வதம் கையசைக்க, பேப்பரில் வந்தது.

பத்து நாள் கழித்து, சேக்காட்டு வீட்டு ஜன்னலில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கரைந்தது. இடது காலில் ஒரு விரல் இல்லை. வெறும் கட்டிலைப் பார்த்தது, தலையைச் சாய்த்தது, மறுபடியும் கரைந்தது. ரசாக் ஆவேசம் வந்தவன் மாதிரி போனில் பத்துப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினான். இரண்டே நாளில் பதில். 'காகம் உயிருடன் இருப்பது அறிந்து குழு பெருமகிழ்ச்சி அடைகிறது. எனினும் இன்றைய நலம் அன்றைய நலத்துக்குச் சான்றாகாது.'

படத்தை வெளியிடாமலே விட்டுவிடலாம் என்று கிருபாகரன் நினைத்தான். ரசாக்தான் கேட்கவில்லை. "அம்மா தியேட்டர்ல பாக்கணும்னுச்சு. நீயாச்சும் போய்ப் பாரு அண்ணாத்தே."

கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஆவடியில் காலைக் காட்சி. இருபது பேர் இருந்திருப்பார்கள். கிருபாகரன் பக்கத்து இருக்கையில் யாரையும் உட்கார விடவில்லை. விளக்கு அணைந்ததும் திரையில் முதலில் வந்தது குழு எழுதிக் கொடுத்த வாசகம்: 'இப்படத்தின் உருவாக்கத்தில் எந்த உயிருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை.' அதை ஐந்து விநாடி காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்து விநாடியும் கிருபாகரன் அதைப் படித்தான்.

படம் நன்றாகத்தான் இருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். கடைசியில் ரோஸி கட்டிலில் கண்ணை மூடினாள். கிருபாகரன் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த இடது கண்ணைப் பார்த்தான். வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவனே அவன்தான். இருந்தும் பார்த்தான். திரை இருண்டது. பின் வரிசையில் ஒருத்தன், "இந்தம்மா இன்னிக்குத்தான் பூடாம கீறான்னு நெனச்சேன் மச்சான், கடைசில பூட்ச்சி பாரு" என்றான்.

விளக்கு போட்டதும் யாரோ கிருபாகரன் தோளைத் தொட்டார்கள். திருமுருகன். காகம் நீக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கக் குழு அனுப்பியிருந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் சார். அம்மா சாவு சீனைப் பத்திச் சொல்ல வேண்டியதே இல்ல. எல்லாப் படத்தையும் விட இதுலதான் தத்ரூபமா செத்திருக்காங்க."

"அந்த எடத்துல சாவல சார்" என்றான் கிருபாகரன். "கண்ணத் தொறப்பாங்க."

"படத்துல அப்படி இல்லையே சார்?" என்ற திருமுருகன், கையிலிருந்த படிவத்தில் ஒரு குறி போட்டு, கையெழுத்துக்காக அதை இரண்டு கையாலும் நீட்டினார்.